மாஸ்டரின் முன்பற்கள்

ஒரு வாரம் முழுக்க என் வேலை மேசையின் மேல் மாஸ்டரின் வாய் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த மேல்தாடை. முன்னால் நான்கு பற்கள் இருக்கவேண்டிய இடம் வெறும் மேடாக, வழவழவென்று கிடந்தது. விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம், பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிற வேலை எனக்கு. வக்கீல்கள், வாத்தியார்கள், காணைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் என்று எத்தனையோ பேருடைய வாய் அந்த மேசையைக் கடந்து போயிருக்கிறது. இந்த ஒன்றைத் தொடுவதற்கு முன்னால் மட்டும் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வேன். சின்ன வயதிலிருந்து நான் கேட்டு மயங்கிய சங்கீதம் எல்லாம் அந்த வாயிலிருந்து வந்ததுதான்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். எதிர்ச்சாரியில் ஒரு சைக்கிள் கடை, அதன் மாடியில் கல்யாண பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற அறை. சிவப்புச் சட்டையும் ஜிகினாப் பட்டையும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நடக்கிறவர்கள். மாஸ்டர் அதில் கிளாரினெட் வாசித்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், யாருக்கோ தைத்த மாதிரி சட்டை தோளில் தொங்கும். எல்லோர் கண்ணும் டிரம்பெட் மேலும் பெரிய டிரம் மேலும்தான் இருக்கும். சினிமாப் பாட்டு வேகமெடுத்துவிட்டால் கிளாரினெட் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஆனால் ஊர்வலம் நடுநடுவே நிற்கும். கோயில் வாசலில் தேங்காய் உடைப்பார்கள், சொந்தக்காரர் வீட்டு முன்னால் ஆரத்தி எடுப்பார்கள். டிரம்காரர்கள் அப்போது பட்டையைத் தளர்த்திவிட்டு பீடி பற்றவைப்பார்கள். அந்த இடைவெளியில் மாஸ்டர் தனியாக வாசிப்பார். யாரும் கேட்டு வாசிப்பதல்ல, யாருக்காகவும் வாசிப்பதுமல்ல. அடியிலிருந்து மெல்ல ஒரு சுரம் எழும்பி, வளைந்து, நின்று, திரும்ப இறங்கும். அது காபி ராகம் என்பதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அந்தச் சத்தம் வந்தால் போகிற வேலையை மறந்து நின்றுவிடுவேன் என்பதுதான்.

அந்த நிமிஷத்துக்காக ஊர்வலங்களின் பின்னாலேயே நடந்திருக்கிறேன். எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே யோசித்து அங்கே போய் நின்றுகொள்வேன். அக்கா எனக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டாள். கூட்டத்தில் ஒரு தலை கூட அவர் பக்கம் திரும்பாதது எனக்கு ஆத்திரமாக இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களிடம், கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. அவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பள்ளிக்கூடம் முடித்து, வேலை கற்றுக்கொண்டு, தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய்வர ஆரம்பித்த பிறகும் அந்தப் பைத்தியம் போகவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். வேலை அதிகமாகி, இரண்டு மாதமாக எந்த ஊர்வலத்தின் பின்னாலும் என்னால் போக முடிந்திருக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம், பெரிய ஊர்வலம். பிள்ளையார் கோயில் முன்னால் கார் நின்றது, டிரம் ஓய்ந்தது. மாஸ்டர் கிளாரினெட்டை வாயில் வைத்தார். விரல்கள் நகர்ந்தன, கன்னம் உப்பியது, கண் மூடியது. சத்தம் வரவில்லை. தேங்காய் உடைகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையோ என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போனேன். ஒன்றுமே இல்லை. அவர் வாசிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேண்டு முழங்கியது, அவரும் விரலை அசைத்துக்கொண்டே கூட நடந்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்று சொல்லாமலே சைக்கிள் கடை மாடிக்கு ஏறினேன். அவர் தனியாக உட்கார்ந்து வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு பஸ் கண்டக்டரின் பெண் என்று அடையாளம் தெரிந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். நான் எப்படியெல்லாமோ ஆரம்பிக்க நினைத்துப் போயிருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நேத்து நீங்க ஊதலியே, மாஸ்டர்."

அவர் கையிலிருந்த துணி நின்றது. யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவில்லை, அதனால் வந்தேன் என்றேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். ஈறு வீங்கி, முன்பற்கள் நான்கும் நாக்கு பட்டாலே ஆடுகிற நிலையில் இருந்தன.

"ரெண்டு மாசமா சும்மா புடிச்சிக்கினு நடக்கறேம்மா. கூட நடக்கறவனுக்கே தெரியல" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பேண்டு முதலாளிக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்பதுகூட அவருக்கு இரண்டாம் பட்சமாக இருந்தது. இத்தனை வருஷம் வாசித்ததும் வாசிக்காததும் ஊருக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நான் எப்போதிருந்து கேட்கிறேன், எந்தெந்த முக்கில் நின்று கேட்டேன் என்று சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறியது. கிளம்பும்போது, வர்ற செவ்வாய்க்கிழமை காலை ரயிலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார், மனைவியையும் அழைத்துக்கொண்டு.

டாக்டர் நல்லவர். பொய் நம்பிக்கை கொடுக்கமாட்டார். பற்களை எடுத்தாக வேண்டும், செட் வைத்துக்கொண்டு சாப்பிடலாம், பேசலாம், ஊதுவதற்கு மட்டும் நான் பொறுப்பு சொல்லமுடியாது என்றார். புண் ஆறிய பின் அளவெடுத்து நான் செய்த முதல் செட் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மாஸ்டர் கிளாரினெட்டைக் கடித்து ஊதினார். முன்னால் அழுத்தம் விழுந்ததும் பின்பக்கம் மேலண்ணத்தை விட்டுக் கழன்று இறங்கியது. பிரஷர் குக்கர் மாதிரி ஒரு கிறீச்சல். மறுபடி, மறுபடி, அதேதான். செட்டைக் கழற்றிக் கழுவி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். சாதம் மெல்ல முடிகிறதே, அதுவே போதும் என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். அவருடைய மனைவி மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இரண்டு நாளாக அவர் கிளாரினெட் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார் என்று சொன்னார்.

அன்று சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் கதவோரம் நின்றே வந்தேன். மயிலம் தாண்டும்போது அது உறைத்தது. நாங்கள் அளவெடுத்தது சாப்பிடுகிற வாயை. அவர் ஊதும்போது அந்த வாய் வேறு ஒன்றாக மாறுகிறது. தாடை முன்னே வருகிறது, உதடு உள்ளே மடிகிறது, மேல்பற்கள் சாய்வாக இறங்குகின்றன. மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் பழைய அச்சைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கடைவாய்ப் பற்கள் திடமாக இருக்கின்றன, அவற்றில் கம்பி கொக்கி போட்டு இழுத்துப் பிடிக்கலாம் என்றார். நான் யோசித்திராத விஷயம் அது. வாத்தியத்தோடு வரச்சொல் என்றார்.

மாஸ்டர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. டாக்டர் நாற்காலியில் கிளாரினெட்டோடு அவர் சாய்ந்திருக்க, மேலே மெழுகை இளக்கி வைத்து, ஊதுகிற மாதிரியே கடிக்கச் சொல்லி அளவெடுத்தோம். வாத்தியத்தின் அடிப்பக்கத்தை டாக்டரே பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய்விட்டாள். அந்த அச்சுதான் ஒரு வாரம் என் மேசையில் இருந்தது. அண்ணம் முழுக்கப் பரவுகிற மாதிரி செய்தேன். பற்களின் நுனியைக் கூராக்காமல் தட்டையாக விட்டேன். எத்தனை முறை தேய்த்தேன், எத்தனை முறை விரலால் தடவிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

வாங்கிக்கொண்டவர் அங்கேயே ஊதிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் அந்தக் கிறீச்சலைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை என்று புரிந்தது. வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதன்பின் எதிர்மாடி ஜன்னல் திறக்கவே இல்லை. ஊரிலேயே இல்லை, மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். ஆடி போனது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கின. செட் உதவவில்லை, சொல்ல மனமில்லாமல் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒவ்வொரு ஊர்வலமும் போகும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கி வருகிறேன். கடைத்தெருவில் ஊர்வலம். ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டேன். யாரோ ஆரத்தித் தட்டோடு குறுக்கே வர, கார் நின்றது. டிரம் ஓய்ந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அடியிலிருந்து, மெல்ல அந்தச் சுரம் எழும்பியது.

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முன்னைப் போல அத்தனை வழவழப்பு இல்லை. ஒரு இடத்தில் காற்று கசிந்தது, அவர் அதையே ஒரு கமகம் மாதிரி வளைத்துக்கொண்டு போனார். பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா நேரமாகிறது என்று சத்தம் போட்டார். வழக்கம்போல ஒருவரும் திரும்பவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை எதுவும் அறுந்துபோகவில்லை. ஊர்வலம் நகர்ந்தபோது மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். வாத்தியத்தை வாயிலிருந்து கொஞ்சம் விலக்கி, ஒரு விரல் நகத்தால் முன்பல்லைத் தட்டிக் காட்டினார்.

பிறகு அவர் மனைவி சொல்லித்தான் மீதி தெரிந்தது. மகள் வீடு பொம்மையார்பாளையத்தில். தினமும் கடற்கரைக்குப் போய், அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து நின்று பழகியிருக்கிறார். படகுக்காரர்கள் இரண்டொருவர் வேடிக்கை பார்த்தார்களாம். முதல் பத்து நாள் வெறும் கிறீச்சல்தான் என்றார்.

இப்போது எனக்கு அறுபது கடந்துவிட்டது. கைப்பேசியை அழுத்தினால் உலகத்து வாத்தியமெல்லாம் கேட்கிறது. அவர் வாசித்த ஒரு நிமிஷம்கூட எதிலும் பதிவாகவில்லை. அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அவரை நினைத்தால் மனம் லேசாகத்தான் ஆகிறது.

அவர் அதன்பின் பல வருஷம் வாசித்தார். ஒரு மத்தியானம், பல்லுக்கு ஒரு குறையும் இல்லாமலே, விழுப்புரத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை மல்லாட்டை, வறுத்த வேர்க்கடலை. அதைக் கடித்துச் செட்டை உடைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொன்னதற்கு, இது உனக்கு, எனக்கில்லை என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். ஆறவைத்து நிதானமாகக் குடித்தார். முன்பெல்லாம் மாதிரி மூச்சு தாங்கவில்லை, வர்ற முகூர்த்தத்தோடு போதும் என்று தோன்றுகிறது என்றார். முகத்தில் சோர்வு இல்லை. நிறுத்தப்போவது பேண்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாதாம். அவர்களிடம் கடைசி நாளன்று சொன்னால் போதும் என்றார்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கிப் பல்லு ஆடினப்ப சொல்லாம நிறுத்திட்டேன். இந்த வாட்டி உங்கிட்ட சொல்லிக்கினு நிறுத்தலாம்னுதாம்மா வந்தேன்."