சுவருக்கு அந்தப் பக்கம்

“…நித்திரை பாய் அறியாதுன்னு சொல்லுவாங்கதான் தம்பி. ஆனா இந்தச் சத்தத்த அறியுமே!” என்றார் ராணி அக்கா.

அவிசாவளையில் மெஷின் விற்கும் கடையில் நின்றிருந்தோம். தெஹியோவிட்ட தோட்டத்தின் லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர், மத்தியானம்தான் கொஞ்சம் தூங்குவார்.

நான் செய்யும் குட்டி பஸ்களுக்கு ஏர்பிரஷ்ஷால் வர்ணமடிக்க ஒரு கம்ப்ரஸர் வேண்டும். வாரக்கணக்கில் அதே நினைப்பு. கை சும்மா இருக்க மறுத்தது. டயர் கடைகளில் உறுமுமே, அந்த வகைதான் மலிவு. கடையில் ஓட விட்டபோது, தெருவில் போகும் பஸ்களின் இரைச்சலில் அதன் சத்தம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. லயத்தின் நடுச்சுவர் கூரையைத் தொடாது என்பதே மறந்துபோனது. அந்த மெஷின் எனக்கு மட்டும்தான் மலிவு.

இன்னொன்று இருந்தது. சிறியது, காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்க்கும் உண்டு. விலை கொஞ்சம் கூட. ஓட விட்டார்கள்.

“இதுல சத்தமே இல்லக்கா!”

“ஆசப்பட்டவன் காதுக்கு எதுடா கேக்கும்?”

அக்கா கடைக்காரரிடம் சிங்களத்தில் பேசி, மெஷினைப் பின்னறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கதவை மூடி மறுபடியும் ஓட விட்டார்கள். அக்கா இந்தப் பக்கச் சுவரில் தலையைச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டார்.