விடப் பழகிய கை

தலையில் ஊசி குத்தினால் கை எழும்பும் என்று என் மச்சான் சொன்னபோது அவனைக் கண்டபடி திட்டினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் திட்டு பாதிதான் வெளியே வந்தது. அவனுக்கு அது வசதியாகப் போயிற்று. "மாமா இன்னா சொல்றார்னு புரியல, சரின்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்து என்னை இழுத்துப் போகத் தயாராக நின்றான். என் மனைவி எனக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் தீவு எங்கள் ஊர். முந்தின மழைக்காலத்தில், வலையை இழுத்துக்கொண்டிருந்தபோதே என் வலது பக்கம் செத்துப்போனது. பக்கவாதம் என்றார்கள். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, தொடர்ந்து பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினார்கள். கால் இழுத்து இழுத்து நடக்க வந்துவிட்டது. கைதான் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. தோள் வலியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

ஆனால் சாவைவிட எனக்குப் பெரிய பயம் சீட்டைப் பற்றியது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று எங்கள் ஊர் ஆண்டுக்கொரு முறை கூடிச் சீட்டுப் போடும். அதற்குப் பாடு என்று பெயர். ஏரியில் பங்கு உள்ளவன் தன் வலது கையால் பானைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து, அதே கையால் தலைவர் கையில் வைக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. சீட்டு எடுக்க முடியாத கை வலை கட்டவும் முடியாது என்பது ஊர்க் கணக்கு. அப்படிப்பட்டவனின் பங்கு நின்றுவிடும். எனக்கு இரண்டும் பெண்கள், அந்தப் பங்கை எடுத்துக்கொள்ள ஆண்பிள்ளை இல்லை. பங்கு போனால் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு நான் தயாராக இல்லை.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேலே, மச்சான் சொன்ன ஊசி டாக்டரம்மாவின் அறை இருந்தது. அந்த ஊர்ப் பெண்தான். வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, முடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசிகளை என் தலைத்தோலில் படுக்கப் படுக்கச் செருகினார். எல்லாம் இடது பக்கத்தில்.

"கை வலது பக்கம்மா" என்றேன். பக்கம் மாற்றிக் குத்துகிற டாக்டரிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று எனக்குக் கோபம்.

"தெரியும்ணா. வலது கையை ஓட்டற மூளை இடது பக்கம்தான் இருக்கு. இப்ப கையைத் தூக்குங்க."

"ஊசியோடவா?"

"ஊசியோடதான். சும்மா ஊசி குத்திட்டுப் படுத்துக் கிடக்கறதுக்கு நீங்க வீட்லயே படுத்துக்கலாம். நான் ஊசியைத் திருகுவேன், நீங்க தூக்கணும். வரலைன்னாலும் வர்ற மாதிரியே நெனச்சுத் தூக்கணும். இன்னொண்ணு, பிரஷர் மாத்திரையை நிறுத்தினா இந்தப் படி ஏறாதீங்க."

முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து அவர் தாங்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். தலையில் சுரீர் என்று ஏதோ இழுத்தது. கை ஒரு சாண்கூட எழவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஆனால் படி இறங்கும்போது தோள் வலி குறைந்திருந்தது. ஊசியால் குறைந்ததா, அசைத்ததால் குறைந்ததா என்று கேட்டேன். "ரெண்டையும் ஒண்ணா செஞ்சா எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுண்ணா, எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கவும் கேக்காது" என்றார். பொய் சொல்லாதவர் என்று அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் படகேறினோம். கை மெல்ல மெல்ல மார்பு வரைக்கும் எழுந்தது. என் கை திரும்புகிறது என்று ஊருக்குத் தெரிந்ததும் வந்தது வினை. எங்கள் ஆட்களுக்குக் கை என்றால் பிடி. கயிற்றைப் பிடிக்கணும், கோலைப் பிடிக்கணும், துள்ளுகிற மீனைப் பிடிக்கணும். நழுவ விட்டவனை ஊர் சிரிக்கும். ஆகவே பார்க்க வந்தவர்கள் எல்லாம் தங்கள் கையை நீட்டி, "புடி பாக்கலாம்" என்றார்கள். நான் பிடித்தேன். "ஏ, இரும்பு மாதிரி புடிக்கறான்பா" என்றார்கள். மனைவி பழைய நைலான் கயிற்றைப் பந்தாகச் சுருட்டிக் கொடுத்தாள். தூங்குகிற நேரம் தவிர அதை நசுக்கிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா விரலை விரிக்கத்தான் சொல்லியிருந்தார். விரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் பெருமையோடு அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்து நசுக்கிக் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை.

"சரி, இப்ப விடுங்க."

விட முடியவில்லை. விட நினைக்க நினைக்க இன்னும் இறுகியது. என் விரல்களை ஒவ்வொன்றாக அவர் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு மானம் போயிற்று.

"யாரு இப்படிப் பழகச் சொன்னது?"

"ஊரே சொல்லுச்சு" என்றாள் என் மனைவி.

"மூளை அடிபட்டா மூடறது தானா வந்துடும். விரியறதுதான் கடைசியா வரும், கஷ்டப்பட்டு வரும். நீங்க மூடறதையே பழக்கிட்டு வர்றீங்க. கை இன்னும் இறுகிப் போச்சு. நான் ஒரு பக்கம் இழுக்கறேன், உங்க ஊரு ஒரு பக்கம் இழுக்குது." அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

எனக்கும் கோபம் வந்தது. தலையில் ஊசிகள் இருப்பதையும் மறந்து, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன். எழுந்த இடத்தில் ஒன்று தோன்றியது. வீச்சுவலை வீசுகிறவனுக்கு வேலையே விடுவதில்தான் இருக்கிறது. சுற்றி வீசி, சரியான நொடியில் எல்லா விரலும் விட்டால்தான் வலை வட்டமாக விழும். நொடி தவறினால் வலையும் கோணல், ஆளும் தண்ணீரில். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார்.

"வீசுங்க."

தலை நிறைய ஊசியோடு, காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, ஈரத்துண்டை வலையென்று வீசினேன். துண்டு என் கையை விட்டுப் போகாமல் என் முகத்திலேயே வந்து அறைந்தது. மூட்டு வலிக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று மறுபடி வீசினேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே மடக்கினார். "மணிக்கட்டைக் கீழ சாய்ச்சீங்கன்னா விரல் கொஞ்சம் இளகும். அந்த நேரம் பாத்து விடுங்க. மூச்சை அடக்காதீங்க." எத்தனை வீச்சுக்குப் பிறகோ துண்டு கையை விட்டு நழுவி விழுந்தது.

அன்று மாலை மனைவி கயிற்றுப் பந்தை அடுப்பில் போட்டாள். நைலான் நாற்றத்தில் தெருவே இருமியது. "இனிமே யாராவது புடின்னு கைய நீட்டுனீங்க, கைய ஒடிச்சுடுவேன்" என்று வாசலில் நின்று அறிவித்தாள். அதன் பிறகு வீட்டில் ஒரே பேச்சுதான். தம்ளரைக் கொடுப்பாள், "உடு" என்பாள். உருளைக்கிழங்கைக் கொடுப்பாள், "உடுய்யா" என்பாள். எரிச்சலில் அவளை ஏசுவேன். ஏசி முடிக்கும் வரை காத்திருந்து மறுபடி "உடு" என்பாள். அவள் இல்லாவிட்டால் நான் எப்போதோ படுத்திருப்பேன்.

சீட்டுப் போடும் நாள் வந்தது. கோயில் வாசலில் பானை இருந்தது. ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, பெண்கள் தள்ளி நின்றார்கள். என் முறை வந்ததும் காலை இழுத்துக்கொண்டு போய்ப் பானைக்குள் கையை விட்டேன். சீட்டு கிடைத்தது. கையை வெளியே எடுத்தேன். தலைவர் உள்ளங்கையை நீட்டினார்.

என் விரல்கள் பூட்டிக்கொண்டன. ஊர் முழுக்கப் பார்க்கிறது என்ற நினைப்பிலேயே இன்னும் இறுகின. "எடுத்துட்டான் இல்ல, அது போதும், பிரிச்சு வாங்கு" என்று யாரோ இரக்கப்பட்டுச் சொன்னார்கள். பக்கத்திலிருந்தவன் என் விரலைப் பிரிக்கக் கை நீட்டினான்.

"தொடாத" என்றேன். அந்த வார்த்தை கோணாமல் வந்தது.

தலைவர் நீட்டிய கையை மடக்கவில்லை. நான் யாரையும் பார்க்காமல் மணிக்கட்டைக் கீழே சாய்த்தேன். அடக்கியிருந்த மூச்சை விட்டேன். சுண்டுவிரல் இளகியது. அப்புறம் பக்கத்து விரல். வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்த சீட்டு, கடைசியில் விடுபட்டுத் தலைவர் கையில் விழுந்தது.

அவர் பிரித்து உரக்கப் படித்தார். சேறு மண்டிய, யாருக்கும் வேண்டாத ஓரத்து இடம் எனக்கு விழுந்திருந்தது. கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். தலைவர் என்னைப் பாராட்டவில்லை, முதுகில் தட்டவும் இல்லை. மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில், "அடுத்த ஆளு வாப்பா, இவன் எடுத்தாச்சு" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.