ஆடியில் எடுத்த டிராஃப்ட், ஆவணியில் வந்த கார்

போன வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகால் மணி. நானும் ஜாபர் மாமாவும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் காரில் பறந்துகொண்டிருந்தோம். பறந்தோம் என்றால்... மணிக்கு அறுபது கிலோமீட்டர். அந்த வயசான காருக்கு அதுதான் உச்சம்.

நாலு மணிக்கு மதுரையில் ஒரு பேங்கின் கவுண்டர் மூடிவிடும். அதற்குள் எழுபத்துநாலாயிரம் ரூபாயைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால்? மாமா தன் ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக வட்டி கட்டியவர் ஆகிவிடுவார். அதைவிடப் பெரிய ஆபத்து, அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா இந்தக் காரில் ஏறவே மாட்டார்.

இத்தனை அமளிக்கும் காரணம் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அடியேன்தான்.

ஜாபர் மாமா பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறார். அவர் என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன். எங்கள் ஊரில் இதற்கு ரத்த சம்பந்தமெல்லாம் தேவையில்லை. மனுஷர் வட்டி வாங்க மாட்டார், கொடுக்கவும் மாட்டார். மார்க்கம் தடுத்தது என்றால் தடுத்ததுதான். கார் லோன் என்று எந்த பேங்க் ஆள் கடைக்கு வந்தாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அதனாலேயே இத்தனை வருஷம் அவருக்கு ஸ்கூட்டர்தான்.

போன வருஷம் டை கட்டிய ஒருவர் கடைக்கு வந்தார். கிரெடிட் கார்டு. அதன் பேரில் ஒரு டிராஃப்ட் எடுத்துக்கொள்ளலாமாம். ஆறு மாசத்துக்கு வட்டி ஜீரோ!

மாமா உடனே எனக்கு போன் போட்டார். “மாப்ள, வட்டியே இல்லங்குறாய்ங்க. கடுதாசியில எழுதியே குடுக்குறாய்ங்க. செத்த வந்து படிச்சுப் பாரு.”

போனேன். படித்தேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வர வேண்டும். ஆறு மாசத்துக்குள் மொத்தத்தையும் முடித்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. முடிக்காவிட்டால், முதல் நாளிலிருந்து மொத்தத்துக்கும் வட்டி. பிராசஸிங் ஃபீஸ் என்று ஒரு சின்னத் தொகை வேறு.

அது வட்டியில் சேருமா? மாமாவுக்கு அதுதான் கவலை. நேராகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். “வேலை பார்த்ததுக்குக் கூலி வேற, கடனுக்கு வட்டி வேற. ஆனா தேதி தவறுனா அது வட்டிதான் பாய், பார்த்துக்கங்க” என்றாராம்.

நூர்ஜஹான் அக்கா அதற்கும் மேலே போய்விட்டார். “வாங்குங்க, வேணாங்கல. கடைசி ரூபாயையும் கட்டிட்டு ரசீதைக் கொண்டாந்து காட்டுங்க. அதுக்கப்புறந்தான் நான் ஏறுவேன். ஒத்த ரூபா வட்டி போட்டாய்ங்கன்னாலும் நீங்களே ஓட்டிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்.”

சொன்னபடியே செய்தார். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். மாமா காரில் போனார், அக்கா பஸ்ஸில் போனார். முதலில் போய்ச் சேர்ந்தது அக்காதான் என்பது வேறு விஷயம்.

சரி, தப்பு எங்கே நடந்தது?

சித்தையன்கோட்டையில் ரெங்கசாமி என்று ஒரு விவசாயி. அவருடைய வெள்ளைக் கார் விலைக்கு வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான். தொண்ணூற்றைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தோம். டிராஃப்டைக் கையில் கொடுத்தோம். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெங்கசாமி சொன்னார்: “ஆடி மாசம் அப்பு. வண்டி வாசலைத் தாண்டாது. ஆவணி பொறக்கட்டும், சாமி கும்பிட்டுத் தாரேன்.”

பணம் வாங்க மட்டும் ஆடி இல்லையா? கேட்க வாய் துறுதுறுத்தது. மாமாதான் என் கையை அழுத்தினார். “எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். ஆனா குடுக்குற மனுசன் மனசு கோணாமக் குடுக்கணும்ல?”

ஆவணியில் கார் வந்தது. அன்றைக்கே மாமா கடை காலண்டரில் ஆறு மாசத்தை எண்ணி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். கார் வந்த நாளிலிருந்து எண்ணினேன்! எனக்கு மட்டுமல்ல, மாமாவுக்கும் கடை ஆட்களுக்கும்கூட அது தப்பாகவே படவில்லை. கார் வந்தால்தானே காருக்குக் கடன்? பேங்க்காரர்களுக்கு ஆடியாவது ஆவணியாவது... டிராஃப்ட் போட்ட நாளிலிருந்து அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கணக்குக்கும் நடுவே பதினெட்டு நாள்.

அது தெரிய வந்தது போன வெள்ளிக்கிழமைதான். மாமா ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைக்கு வந்திருந்தார். கடைசித் தொகை சரியாக எவ்வளவு என்று கேட்கலாமே என்று பேங்க்கின் கஸ்டமர் கேருக்கு நான் போன் போட்டேன். ஒரு பெண் இனிமையாகச் சொன்னார்: “எழுபத்துநாலாயிரம் சார். இன்னிக்குதான் லாஸ்ட் டே.”

மாமாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்க அக்காக்கிட்ட என்னத்தச் சொல்ல?” என்றார். அவர் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திண்டுக்கல்லில் அந்த பேங்க்குக்குக் கிளை கிடையாது. செக் போடுகிற பெட்டி மட்டும்தான். போட்டால் பணம் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். மதுரைக்குப் போய் ரொக்கமாகக் கட்டுவது ஒன்றுதான் வழி. கடைப் பெட்டியில் அறுபதாயிரம் இருந்தது. மீதி அடுத்த வாரம்தான் வர வேண்டும். ஏடிஎம்முக்கு ஓடினேன். என் கணக்கிலிருந்து பதினாலாயிரத்தை உருவினேன். கிளம்பிவிட்டோம்!

ஐயோ, அந்தப் பயணம்! நாலு வழிச் சாலை போடுகிறோம் என்று வழியெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கொடைரோடு தாண்டி ஒரு பூ லாரி குறுக்கே நின்றுகொண்டு வழியை மறித்தது. “ஏலே, ஓரங்கட்டுலே!” என்று மாமா ஜன்னல் வழியே போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பரம சாது அவர். வாடிப்பட்டியில் மூணேகால். சமயநல்லூரில் மூணரை. நான் வாட்சையே பார்க்கவில்லை—மாமா பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பேங்க் வாசலில் நிற்கும்போது மூணு ஐம்பத்தேழு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தோம். செலானில் கார்டின் பதினாறு இலக்க நம்பரை மாமா இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தார். நான் எழுதினேன். எனக்கும் ஒரு தடவை தப்பியது. கேஷியர் பெண் பொறுமையாக எண்ணி, ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கிழிசல் என்று திருப்பித் தள்ளினார். பெட்ரோலுக்கென்று என் சட்டைப்பையில் வைத்திருந்த ஐந்நூறை நீட்டினேன்.

டக்! முத்திரை விழுந்தது. ரசீதில் அன்றைய தேதி!

மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். பேங்கில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. உள்ளே இருந்த ஒரு ஆபீசர் எழுந்து வந்தார். “உங்க ரெக்கார்ட் சூப்பர் சார். லிமிட்டை டபுள் பண்ணித் தரட்டுமா?”

“இருக்கட்டும் தம்பி. மொதல்ல வீட்டுல ஒரு ஆளக் கார்ல ஏத்திட்டு வாரேன்” என்றார் மாமா.

யோசித்துப் பாருங்கள். வட்டி வாங்காமல் தொண்ணூற்றைந்தாயிரத்தைத் தூக்கிக் கொடுக்க பேங்க்காரர் என்ன நமக்குத் தாய்மாமனா? அவர்கள் நம்பியிருப்பது நம் மறதியை. பத்துப் பேரில் ஒருவராவது தேதியைக் கோட்டை விடமாட்டாரா என்றுதான் காத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட அந்த ஒருவராக மாமாவை ஆக்கியிருந்தேன் நான்.

பேகம்பூர் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா ரசீதை வாங்கித் தேதியைப் பார்த்தார். தொகையைப் பார்த்தார். மறுபடி தேதியைப் பார்த்தார். உள்ளே போய் புர்காவை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நிக்காஹ் அன்றைக்குக்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். நான் பின் சீட்டில். மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு கிளம்பினோம்.

பாதி தூரம் போயிருப்போம். அக்கா திரும்பிப் பார்த்தார். “பெட்ரோல் யாரு போட்டது தம்பி?”

“நாந்தாங்க்கா.”

“காசா, கார்டா?”

கையிலிருந்த காசையெல்லாம் கவுண்டரில் கொட்டிவிட்டோமே... “கார்டுங்க்கா.”

“அதுக்கு வட்டி கட்டுறீங்களா?”

நாலு வருஷமாக மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, மிச்சத்துக்கு வட்டி அழுதுகொண்டிருப்பவன் நான். தலையைச் சொறிந்தேன்.

“வண்டிய ஓரங்கட்டுங்க” என்றார் அக்கா. மாமா பதறிப்போய் நிறுத்தினார். அக்கா மணிபர்ஸைத் திறந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் திணித்தார். “நாளைக்கு மொத வேலையா இதக் கட்டிருங்க தம்பி.” பிறகு மாமாவிடம், “ம், இப்பப் போங்க.”

மறுநாள் காலையிலேயே கட்டிவிட்டேன். என் கார்டில் இன்னும் இருபத்திரண்டாயிரம் பாக்கி இருக்கிறது... அதை முடிக்கிறவரைக்கும் அக்கா கண்ணில் படுவதாக இல்லை!