பன்னிரண்டு நிமிடம் முன்னால் வெளியே வந்த ஸ்டாப்பர்: ஆரணியில் ஒரு ஞாயிறு

“சார், கடைசி மேட்ச்ல அவரைப் பாதியில வெளிய கூப்ட்டாங்களே, அது மரியாதையா, அவமானமா?”

ஓர் இத்தாலியத் தடுப்பாட்டக்காரரின் கால்பந்து வாழ்க்கையைப் பற்றி இந்த வலைப்பூவில் சென்ற வருடம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆரணியிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் தேவராஜ். வயது முப்பத்தெட்டு. பட்டு நெசவாளர். தன் தெரு அணிக்குப் பதினெட்டு வருடமாக ஸ்டாப்பர், அதாவது கோலிக்கு (கோல்கீப்பருக்கு) முன்னால் நடுவில் நின்று எதிரணியை மறிப்பவர்.

“மரியாதைதான்” என்று உடனே பதில் எழுதினேன். முப்பது வருடம் வகுப்பில் நின்றவனுக்குப் பதில் உடனே வந்துவிடும். அதுதான் தொல்லை.

பழைய கட்டுரையைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கம். அந்த இத்தாலியர் சிறு வயதில் முன்னால் ஆடியவர். ஒரு நாள் பின்னால் ஆள் குறைந்ததால் அங்கே நிறுத்தினார்கள், அப்படியே நின்றுவிட்டார். பெரிய கிளப் ஒன்று அவரை எடுத்தது, இடமில்லை என்று சின்ன கிளப்புகளுக்கு இரவலாக அனுப்பியது. திரும்பி வந்து, முழங்காலில் அறுவை செய்துகொண்ட பிறகும் ஆடி, அணித்தலைவர் ஆனார். போட்ட கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசி ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தார். எல்லோரோடும் வந்தால் கைதட்டல் எல்லோருக்கும் பங்காகிவிடும். தனியாக வந்ததால் மைதானமே எழுந்து நின்று அவர் ஒருவருக்காகத் தட்டியது.

தேவராஜுக்கு இது மனதில் தைத்துவிட்டது. போன மாதம் மறுபடி எழுதினார். “நானும் நிறுத்தப் போறேன் சார். ஃபைனல்ல என்னையும் அப்டியே கூப்டச் சொல்லியிருக்கேன். நீங்க வரணும்.” கிளம்பிவிட்டேன்.

வேலூர் பேருந்து நிலையத்தில் ஞாயிறு காலை 11.40 வண்டி. கண்ணமங்கலம் வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்க இருக்கையில் வெயில் விழாது. ஆரணியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார். “மேட்ச்சுக்கா? ஜல்தியா போங்க சார். யாரோ பெரிய ஆளு வராராம், ரோடு மறிச்சிடுவாங்க” என்றார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

தேவராஜ் வீட்டில் முன்னறை முழுக்கத் தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஒரு நாளுக்கு எத்தனை ஆயிரம் மிதியோ. ஞாயிறு ஆடினால் திங்கள் முழங்கால் மடங்குவதில்லை, கல்யாணப் புடவை தள்ளிப்போகிறது. “முட்டி ஒண்ணுதான் சார். தறியா கிரவுண்டான்னு அதுவே கேக்குது” என்றார்.

அவர் மனைவி கலா சாப்பாடு போட்டபடியே சொன்னார்: “ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி கையத் தூக்கிக் காட்டிப் பாத்துகினு இருக்காரு சார். ஜனங்களுக்கு நன்றி சொல்றாராம்.”

“சும்மா இருடி.”

“நான் இன்னா பொய்யா சொல்றேன்?”

மைதானம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். எதிரணி செய்யார் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பையன்கள், கம்பெனி பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஏழு மணி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டுமென்று டிரைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் 3.30க்குத் தொடங்கியது. பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். மாற்றப்பட்டு வெளியே வந்தவர் மறுபடி இறங்க முடியாது. தேவராஜின் பெயரும் பதினெட்டு வருடக் கதையும் எழுதிய சீட்டு மைக்செட்காரர் கையில் இருந்தது.

முதல் பாதியில் தேவராஜ் அணி ஒரு கோல் போட்டது. பிறகு முழுக்கச் செய்யார் பையன்கள்தான் முட்டினார்கள். அவர்களுடைய உயரமான ஃபார்வர்டு எங்கே போனாலும் தேவராஜ் அங்கே முன்பே நின்றிருந்தார். ஓடி மறித்ததைவிட நின்று மறித்ததே அதிகம்.

முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது அணி மேனேஜர் கை காட்டினார். தேவராஜ் கோலியைத் தட்டிக்கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தார். கோட்டுக்குப் பத்தடி இருக்கும், படபடவென்று பட்டாசு. சிறப்பு விருந்தினரின் கார் மைதானத்துக்கு உள்ளேயே, கார்னர் கொடி பக்கமாக ஏறி வந்தது. மேளம். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். தேவராஜின் கை பாதி உயர்ந்து இறங்கியது. தட்டியது நானும் கலாவும் மட்டும். அவர் எங்களையும் பார்க்கவில்லை.

மேடைக்குப் போனேன். “அந்தச் சீட்டை இப்பவாவது படிங்களேன்.”

“தலைவர் பேசிகினு இருக்காரு, பேஜார் பண்ணாதீங்க சார்” என்றார் மைக்செட்காரர்.

பதினாறு சால்வை போர்த்தினார்கள். தெருவுக்குத் தெரு பட்டு நெய்யும் ஊரில் பதினாறும் பாலிஸ்டர். முப்பத்தைந்து நிமிடப் பேச்சு. அதில் கால்பந்து என்ற சொல் ஒருமுறை வந்தது. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் போட்டிக் கமிட்டி கூடிப் பேசி, உள்ள ஸ்கோரே முடிவு என்று அறிவித்துவிட்டது. மிச்சப் பன்னிரண்டு நிமிடம் ஆடப்படவே இல்லை. கோல் போட்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறந்த வீரரும் அவரே.

விருந்தினர் போனபின் நாற்காலியில் விட்டுச்சென்ற சால்வைகளில் ஒன்றைக் கமிட்டிக்காரர் எடுத்து வந்தார். “தேவராஜண்ணா, இந்தா, உனக்கும் ஒண்ணு.”

தேவராஜ் அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “பரவால்லடா. பைக் தொடைக்கலாம், சீக்கிரம் காயும்” என்று திருப்பிக் கொடுத்தார்.

கலாவால் தாங்க முடியவில்லை. “இத்தாலிக்காரரு பண்ணாருன்னு நீயும் பண்ணே. அங்க எவனும் காரை கிரவுண்டுக்குள்ள வுடமாட்டான்யா.”

அந்தச் சொல் எனக்கும்தான். அங்கே கைதட்டல் கிடைத்தது பயிற்சியாளர் வெளியே அழைத்ததால் மட்டுமல்ல, உட்கார்ந்திருந்தவர்கள் இருபது வருடம் அவரைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால். அதை எழுத மறந்தேன். என் பேச்சை நம்பி ஒரு மனிதர் தன் கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிட்டார்.

பஸ் ஏறப்போன செய்யார் ஃபார்வர்டு திரும்பி வந்து தேவராஜ் முன் நின்றார். அவருக்கும் கோபம்தான். “இன்னாண்ணா இது. ஒரு மணி நேரம் நீ வழியே குடுக்கல. நீ வெளிய போனதும்தான் எனக்கு கோல் போஸ்ட்டே தெரிஞ்சுது. அதுக்குள்ள மாலை போட வந்துட்டானுங்க.”

“டைம் இருந்திருந்தாலும் நீ போட்டிருக்க மாட்டே. உனக்கு எடது கால் வராது” என்றார் தேவராஜ். அன்று முதல்முறையாகச் சிரித்தார். டிரைவர் மறுபடி ஹாரன் அடிக்கும்வரை இருவரும் இடது காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒழுகாத கூரையை அண்ணாந்து பார்த்து யாராவது பாராட்டியிருக்கிறோமா? நாம் எல்லோருமே அப்படித்தான் ஆட்டம் பார்க்கிறோம். அந்தக் கமிட்டியை மட்டும் திட்டி என்ன பயன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கோபம் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மைதானத்தில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். மேடைக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், பேச்சுச் சத்தம் குறைவு. திரும்ப வேலூருக்கு 6.50 வண்டியில் இடம் கிடைத்தது. பக்கத்திலுள்ள படவேடு கோயில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள், பேருந்து குறைவு.

இன்னும் ஒன்று. அடுத்த முறை எந்த ஆட்டம் பார்த்தாலும், பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் ஒருவரை மட்டும் பாருங்கள்.