இறக்கையில் ஒட்டிய முடி

ரிமோட் விமானத்துக்காக ரெஜிபோம் நுரைப் பலகையில் நான் வெட்டிய இறக்கையின் மேல் மனைவி கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிடிக்க, நான் எப்பொக்சி பசை பூசிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் தாதி வேலைக்கு ஓமான் போகிறாள். குனிந்தபோது அவளுடைய நீண்ட முடியொன்று பசையில் விழுந்தது.

“முடியைக் கட்டிக்கிட்டு வான்னு சொன்னேன்ல?” என்று எரிந்து விழுந்தேன்.

“காஞ்சதும் தேய்ச்சு எடுத்துருங்க. இதுக்குப் போயி கத்துறீங்களே!”

எங்கள் ஊர் கம்பளையின் மழையில் பசை இறுக நாலைந்து நாளானது. அரத்தாளோடு உட்கார்ந்தேன். தெளிந்த பசைக்குள் அந்த முடி வளைந்து கிடந்தது. வேலையில் ஒரு தூசியைக்கூட விட்டுவைக்காதவன் நான். அதைத் தேய்க்க மட்டும் கை வரவில்லை.

இப்போது இங்கே வெயில் கொளுத்துகிறது. நேற்றும் போனில் கேட்டாள்: “பிளேன் பறந்துச்சா?”

“இல்லம்மா, பசை இன்னும் காயல” என்றேன்.