இரண்டு விரல்களுக்கு விதித்த விளையாட்டு

கைபேசியில் விளையாடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கோயமுத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட்டுக்குள் சுழலும் ஷாஃப்ட் தண்டு கடைந்து கொடுப்பது தொழில். மூன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மூவரும் ஆளுக்கொரு திசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு கிடையாது. டிங் டிங் என்று சத்தம் மட்டும் வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அரை மணி நேரம் எப்படி உட்கார முடிகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அது அவர்கள் ஓய்வு நேரம், நான் ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டில் அப்படிப் பொறுத்துப் போகவில்லை. என் மனைவிக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கட்டம் கட்டமாக வண்ண மணிகள் இருக்கும். ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் வெடித்து மறையும், மேலிருந்து வேறு மணிகள் விழும். அதைத்தான் வருடக்கணக்காக விளையாடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்து, கேஸ் நாற்றம் கூடம் வரை வந்துவிட்டது. அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கேஸை மூடினேன். அவள் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, அவள் கண் முன்னாலேயே அந்த விளையாட்டை நீக்கினேன். ஆயிரத்து நானூறு கட்டங்களுக்கு மேல் தாண்டியிருந்தாள் என்று பிறகு சொன்னாள். அப்போது மேடையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் விளையாடி நான் பார்க்கவில்லை. ஒரு கெட்ட பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

அடுத்த வருடம் என் கையில் அடிபட்டது. முழுக்க என் தப்பு. கடையும்போது இரும்பு சுருள் சுருளாக வரும், ரிப்பன் மாதிரி நீளமாக. அதன் விளிம்பு பிளேடு போல இருக்கும். கையால் இழுக்கக் கூடாது, கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருடமாக ஆட்களுக்குச் சொல்லிவந்தவன் நான். அன்றைக்கு அவசரத்தில் கையால் இழுத்தேன். இரும்பைக் கவ்விப் பிடித்து ஓடிக்கொண்டிருந்த சக்கில் சுருள் சிக்கிச் சுற்றியது. வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மடக்குகிற நரம்பு அறுந்துபோனது. நரம்பு இல்லை, தசைநாண் என்று டாக்டர் திருத்தினார். மூன்று மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு ஒன்றரை மாதம் கையை அசையவிடாத கட்டுப் பட்டைக்குள் வைத்திருந்தேன்.

பட்டையைக் கழற்றியபோது என் விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. மடங்கச் சொன்னால் யோசித்தன. கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும், கறாரானவள். களிமண் போல ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். துணிக்கு மாட்டும் கிளிப்புகளைத் திறந்து மூடச் சொன்னாள். பிறகு, "சார், போன்ல கேம் விளையாடுவீங்களா?" என்றாள்.

"அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க."

"இனிமே பழகிக்குங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்குப் பதினஞ்சு நிமிஷம். இந்த ரெண்டு விரல்ல மட்டும்தான் தொடணும்."

என் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சுவரில் மாட்டியிருந்த கை எலும்புப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

முதலில் பலூன் உடைத்தேன். குழந்தைகளுக்கானது. கீழிருந்து பலூன்கள் மிதந்து வரும், தொட்டால் உடையும். என் விரல் போய்ச் சேர்வதற்குள் பலூன் மேலே போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் பலூனிடம் தோற்றேன். அதைவிடக் கேவலம், தோற்ற பிறகும் ஒரு யானைக்குட்டி வந்து கைதட்டியது. வேலை செய்யாதவனைத் தட்டிக்கொடுப்பது என் பட்டறையில் நடக்காது. அந்த யானைக்குட்டியை நான் மனதாரத் திட்டியிருக்கிறேன்.

அடுத்தது காய் வெட்டுவது. தக்காளியும் பூசணியும் எகிறி எகிறி வரும், விரலை இழுத்து வெட்ட வேண்டும். நடுவில் ஒரு வெடிகுண்டு வரும், அதை மட்டும் தொடக் கூடாது. என் நடுவிரல் வேறு எதையும் சரியாகத் தொடாது, வெடிகுண்டைத் தவறாமல் தொடும். பிறகு ஒருவன் ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டு. ஏன் ஓடுகிறான், எங்கே போகிறான் என்று யாரும் சொல்வதில்லை. சுவரில் மோதி விழுவான், அடுத்த நொடி எழுந்து மறுபடி ஓடுவான். அவனுக்கு ஒரு எலும்பும் உடையாது. கையில் பதினெட்டுத் தையல் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இவற்றுக்கெல்லாம் இடையில் விளம்பரம். ஒரு பெண் கைக்குழந்தையோடு இடிந்த வீட்டில் குளிரில் நடுங்குவாள். பக்கத்தில் ஒருவன் சுத்தியலோடு நிற்பான், கதவை அடைக்க எந்தப் பலகை என்று நம்மைக் கேட்பார்கள். நாம் எதைத் தொட்டாலும் அவன் தப்பான பலகையைத்தான் அடிப்பான், பனி உள்ளே வரும், குழந்தை அழும். நம்மை ஆத்திரப்படுத்தி உள்ளே இழுக்கிற வேலை. ஒரு மணி நேரம் விளையாடாமல் விட்டால், எங்களை மறந்துவிட்டீர்களா என்று செய்தி வரும். என் சொந்தத் தம்பி அப்படி விசாரித்ததில்லை.

ஒரு நாள் பட்டறையிலிருந்து மூத்த ஆள் பார்க்க வந்தார். என்னோடு பதினாறு வருடம் இருப்பவர். நல்லெண்ணத்தில்தான் என் கைபேசியை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தார். "அண்ணா, நம்ம தொழிலே இதுல இருக்குதுங்க" என்றார். பார்த்தால் லேத். மரக்கட்டை ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. விரலை வைத்தால் தூள் பறக்கும், கட்டை இளைக்கும். ஓரத்தில் ஒரு கட்டில் காலின் படம் இருக்கும், அதைப் போலக் கடைய வேண்டும்.

அவர் போன பிறகு உட்கார்ந்தேன். உளியை எங்கே பிடிப்பது, வேகத்தை எங்கே குறைப்பது என்று தேடினேன். எதுவும் இல்லை. அளவு பார்க்க வழியில்லை. சூடு இல்லை, எண்ணெய் இல்லை, உளி முனை மழுங்குவதில்லை. என் விரல் நடுங்கி நடுங்கிப் போனதில் கட்டில் கால் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் தேய்ந்து, பார்க்கவே அசிங்கமாக வந்தது. அதற்கு மூன்று நட்சத்திரமும் வாணவேடிக்கையும் காட்டியது. நான் கடைந்த ஷாஃப்டில் ஒரு தலைமுடி அளவு கூடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு ஷாஃப்டும் எனக்கு நினைவிருக்கிறது. இதற்கு நட்சத்திரமா? இனி நான் கடைவது இப்படித்தான் இருக்கப்போகிறதோ என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது. இடது கையால் கைபேசியை வீசினேன். பீரோவில் பட்டுக் கீழே விழுந்தது. ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்டது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். எடுத்துப் பார்த்தாள். கட்டில் கால் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. என்ன ஏது என்று கேட்கவில்லை. "இது உங்களுக்கு வேண்டாங்க" என்று தானே அதை நீக்கினாள். நாளையிலிருந்து தன்னோடு விளையாடும்படி சொன்னாள்.

அது தாயம் மாதிரியான ஒன்று. நான்கு நிறக் காய்கள், ஒரு பகடை, ஒருவர் காயை ஒருவர் வெட்டலாம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் கைபேசியை நடுவில் வைத்து எதிரெதிரே உட்காருவோம். ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். எனக்கு விழாது. அவளுக்குக் கேட்கும்போதெல்லாம் விழும். அடிபட்டவன் ஆயிற்றே என்று ஒரு காயைக்கூட அவள் விட்டுக்கொடுத்ததில்லை. வீடு சேர இரண்டு கட்டம் இருக்கும்போது பின்னால் வந்து வெட்டுவாள். கைபேசி அவள் பக்கம் சாய்கிறது என்று ஒரு முறை சொன்னேன். வெட்டுவதற்குத்தான் விளையாட்டு என்றாள்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, என் மூன்றாவது காயும் வெட்டுப்பட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்த மணி விளையாட்டை நான் அன்றைக்கு எடுத்ததால் தப்பித்தாய், இல்லையென்றால் இதே பிழைப்பாகத் திரிந்திருப்பாய் என்றேன்.

அவள் பகடையை உருட்டினாள். காயை நகர்த்தினாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்குச் சாயங்காலமே மறுபடி போட்டுட்டனுங்க. மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இப்ப எழுநூறு தாண்டியாச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. எப்போது விளையாடினாள் என்று கேட்டேன். மாடியில் துணி காயப்போடும்போது, பஸ் ஸ்டாப்பில், நான் குளிக்கப் போகும்போது என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா இன்னொருக்காப் புடுங்குவீங்க. நான் மூணாவது தடவை மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

நான் என் முறைக்குப் பகடையை உருட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

"ஆப்பரேசன் தேட்டர் வாசல்ல மூணு மணி நேரமும் அதைத்தானுங்க விளையாண்டுட்டு இருந்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

எனக்கு வந்தது கோபம்தான். உள்ளே என் கையை அறுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் வெளியே மணி சேர்த்துக்கொண்டிருந்தாளா என்று இரண்டு நாள் அதையே மென்றேன். சோற்றில் உப்புக் குறைவு என்றேன், மின்விசிறி சத்தம் போடுகிறது என்றேன். மூன்றாம் நாள் களிமண் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தோன்றியது. நர்சுகளிடம் சண்டை போட்டிருப்பேன். டீக்கடைக்கும் வாசலுக்கும் பத்து முறை நடந்திருப்பேன். அவள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அதைவிட, என் வீட்டுக்குள் அவள் ஒரு வருடமாக எனக்குத் தெரியாமல் ஒளிந்து திரிந்திருக்கிறாள். அதுதான் உறுத்தியது. இனிமேல் மறைக்க வேண்டாம் என்றேன். "சரிங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. அவளும் எதிர்பார்த்தது போலத் தெரியவில்லை.

நாலாவது மாதம் பிடிமானத்தை அளந்து பார்த்தார்கள். ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கியது. நடுவிரலின் நுனி மட்டும் கடைசிக் கால்பங்கு மடங்காமல் நின்றது. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. விளையாட்டு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். விளையாட்டு இல்லை, களிமண்தான் என்றேன். எதுவாக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு அவள் அளவை எழுதிக்கொண்டாள். அந்த வாரமே லேத்தில் நின்றேன். முதல் ஷாஃப்ட் கடைய வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. ஆனால் அளவு சரியாக இருந்தது. ஐந்து முறை அளந்தேன்.

கை குணமானால் வருவதாக மாசாணியம்மனுக்கு என் மனைவி வேண்டியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஆனைமலைக்குப் புறப்பட்டோம். பஸ் பொள்ளாச்சி தாண்டியதும் பையிலிருந்து கைபேசியை எடுத்து மணிகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். சத்தத்தோடு. முன் சீட்டில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் விளையாடுவது போல. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். "இந்த ஒண்ணு முடியட்டுங்க" என்றாள். முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது. கொஞ்சம் குறைத்தாள், எனக்குக் கேட்கிற அளவுக்கு. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கோயில் வாசலில் இறங்கும் வரை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.