மூடியின் மேல் ஒரு பெயர்

யமீனா வென்றவை இவை: பிள்ளைப் பிராயத்தில் வந்த விஷக்காய்ச்சல், “பொம்பளைக்கு வண்டி எண்ணெய்க் கடையில என்ன வேலை?” என்று கேட்ட மாமா (அவர் இப்போது அவளிடம்தான் எண்ணெய் வாங்குகிறார்), அண்ணன் மிலூதின் கடையில் வாசலைப் பார்த்த நாற்காலி. நாற்காலியைத் தானே விட்டுக்கொடுத்ததாக மிலூத் சொல்வான். பள்ளிக்கூடத்தை மட்டும் அவள் வெல்லவில்லை. வீட்டில் ஒரே ஒரு ஜோடி காலணிதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன மிலூத் ஐந்தாம் வகுப்போடு திரும்பி வந்தான். ஊஜ்தா நகரத்தில் ஒரு எண்ணெய்க் கடைக்கு அது போதுமான படிப்பு.

ஸ்டியரிங் எண்ணெய் கேட்டு வருகிறவரிடம் யமீனா எண்ணெயைப் பற்றிப் பேசுவதில்லை. கல்யாணத் தரகரைப் போல வண்டியின் பூர்வோத்தரம் விசாரிப்பாள். “இதுக்கு முன்னாடி யார் வச்சிருந்தா? எந்த நாட்டுலேர்ந்து வந்துது? நடுவுல யாராச்சும் கை வச்சாங்களா?” பிறகு வண்டியின் எண்ணெய்க் குடுவையிலிருந்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, அது பரவி முடியும்வரை தேநீர் குடிப்பாள். சொட்டின் நடுப்பகுதி எல்லா வண்டியிலும் கறுப்புதான், ஓரம்தான் உண்மையைச் சொல்லும் என்பது அவள் சித்தாந்தம். யாராவது அவசரப்படுத்தினால், “ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தும்போதும் ‘ஏதோ ஒண்ண ஏத்துங்க’ன்னுதான் சொல்லுவியா?” என்பாள்.

எண்ணெயை அவள் தேர்ந்தெடுப்பாள். மிலூத் ஊற்றுவான். ஊற்றியதும் குடுவை மூடியின்மேல் வெள்ளை டேப் ஒட்டி, எண்ணெயின் நிறத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுவான். வால் நீண்ட, பார்வையான கையெழுத்து. அது இருந்தால் பழுதுக்குக் கடை பொறுப்பு. ஊர் டாக்ஸிகளில் பாதி அவன் பெயரைச் சுமந்துதான் ஓடுகின்றன. தேர்ந்தெடுத்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவனுக்கும் இல்லை.

அவளிடம் அவன் கண்ட ஒரே குறை, வியாழன்தோறும் மதியம் வாளியும் துண்டுமாக ஹம்மாமுக்குக் குளிக்கப் போய்விடுவது. இரண்டு வருஷமாக ஒரு வியாழன்கூடத் தப்பியதில்லை.

“இன்னும் தேச்சா எலும்புதான் மிஞ்சும்” என்பான்.

“அழுக்கு அவ்வளவு பழசுண்ணே” என்பாள்.

ஒரு நாள் காலையில் நாதோர் ஊருக்கு டாக்ஸி ஓட்டும் புஸியான் வந்து நின்றான். வண்டிக்குள் ஆறு பேர், ஒருத்தி மடியில் ஒரு சேவல். ஸ்டியரிங் முனகுகிறது, எண்ணெய் இறங்கியிருக்கிறது. வண்டி அவனுடையதல்ல. தப்பான எண்ணெயால் பம்ப் கெட்டால் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொள்வார்.

“சிவப்பு ஊத்துங்கக்கா. எங்கப்பா காலத்துலேர்ந்து சிவப்புதான்.”

“உங்கப்பா ஓட்டுனது இந்த வண்டியா?”

மிலூத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூடியைத் துடைத்து, அதில் அச்சிட்டிருந்ததை உரக்கப் படித்தான். “சிவப்புதான். எழுத்துலயே இருக்கு.”

யமீனா சொட்டு விட்ட துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். “ஓரம் பச்சையடிக்குது. மூடியும் கழுத்துல ஒழுங்கா உட்காரல. ஏன்டா புஸியான், இந்த மூடி வண்டியோட பொறந்ததா?”

அவன் தலையைச் சொறிந்தான். “பழசு உடைஞ்சு போச்சுக்கா. காயலான் கடையில ஒண்ணு எடுத்து…”

“அதுக்கப்புறம் எண்ணெய் ஊத்துனியா?”

“இல்ல, இன்னிக்குத்தான்.”

“பார்த்தியாண்ணே? அடுத்தவன் தொப்பிய மாட்டிக்கிட்டு வந்திருக்கு. இதுல சிவப்பு கலந்தா உள்ள ரப்பரெல்லாம் ஊறிப்போயிடும். பச்சைதான்.”

“அச்சடிச்ச எழுத்துக்கு எதிரா நான் பேரு போடமாட்டேன்” என்றான் மிலூத். எழுத்தின்மேல் அவனுக்கு ஐந்தாம் வகுப்பு மரியாதை.

“பேரு இல்லாம போனா முதலாளி என் தோல உரிச்சிடுவாருண்ணே!”

சேவல் கூவியது. அதை மடியில் வைத்திருந்தவள் தலையை நீட்டினாள். “நாதோர்ல எம் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம். அண்ணனும் தங்கச்சியும் சண்டைய மத்தியானம் வச்சுக்குங்க!”

யமீனா பச்சை டப்பாவைத் திறந்து தானே ஊற்றினாள். மூடியைத் திருகி டேப்பை ஒட்டினாள். அண்ணன் பக்கம் கையை நீட்டினாள்.

“பேனா.”

“எதுக்கு? மருதாணி போடப் போறியா?”

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். நாக்கைப் பல்லிடையே கடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக, குழந்தை படியிறங்குவதுபோல எழுத்து எழுத்தாக இறங்கினாள். மிலூத் படித்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான்.

“எங்கடி கத்துக்கிட்ட?”

“ஹம்மாமுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல்ல. பொம்பளைங்களுக்கு மதியத்துல எழுதப் படிக்கச் சொல்லித் தராங்க. வாளிய வாசல்ல வச்சிட்டு உள்ள போயிடுவேன்.”

“அப்ப குளிக்கிறது?”

“வீட்டுலதான்.”

புஸியான் இன்றும் அதே வண்டியில் நாதோருக்கு ஓட்டுகிறான். கடையைக் கடக்கும்போதெல்லாம் மிலூத் கைகாட்டி நிறுத்துகிறான். “எண்ணெய் மட்டம் பார்க்கணும், பானட்டைத் தூக்கு.” மட்டம் ஒருநாளும் குறைந்ததில்லை. பக்கத்தில் யாராவது நின்றால், “எங்க வீட்டுல எல்லாருக்குமே கையெழுத்து நல்லா வரும்” என்கிறான். டேப் மங்கிவிடாமலிருக்க அதன்மேல் அவனே ஒட்டிய கண்ணாடித் தாளைச் சட்டைக் கையால் துடைக்கிறான். பச்சை. யமீனா. 2019 மார்ச் 12.